மண்ணுக்குள் கசியும் பழைய ஜி.ஐ. தண்ணீர் லைன்: தோண்டுவதிலிருந்து மூடுவது வரை

வாசலில் ஓர் இடம் மட்டும் வெயில் காலத்திலும் ஈரமாகவே இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் கோரை பச்சைப்பசேலென்று வளர்கிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் நிறைந்த சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) இப்போது இரண்டு மணி நேரம் ஆகியும் பாதிதான் நிறைகிறது. இதில் ஒன்று உங்கள் வீட்டில் தெரிந்து, வீடும் முப்பது நாற்பது வருடப் பழையது என்றால், தெருக் குழாயிலிருந்து சம்புக்கு வரும் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மண்ணுக்குள் எங்கோ ஓட்டையாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

தண்ணீர் வீணாவது ஒரு கவலைதான். 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தம் உள்ள லைனில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் மணிக்கு 24 லிட்டர் அளவுக்கு மண்ணுக்குள் போகும். ஓட்டை மூன்று மில்லிமீட்டர் ஆனால் அது 9 மடங்கு, மணிக்கு இருநூறு லிட்டருக்கு மேல். ஆனால் இதைவிடப் பெரிய கவலை வேறு. நம் ஊர்களில் 24 மணி நேரமும் தண்ணீர் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடும். தண்ணீர் நின்றதும் பைப் காலியாகும். அப்போது எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போனதோ அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கிய அழுக்குத் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடையோ கழிவுக் குழாயோ இருந்தால் அதுவும் வரும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வீட்டுக்குள் வரும் வழிகளில் இது ஒன்று. எங்கள் வீட்டில் கசிவு தெரிந்த பிறகும் ஆறு மாதம் தள்ளிப்போட்டோம். மழைக்காலத்தில் தண்ணீர் வாடையோடு வந்த பிறகுதான் தோண்டினோம். ஓட்டைக்கு ஒன்றரை அடி தள்ளிக் குளியலறைக் கழிவு லைன் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்: தள்ளிப்போடாதீர்கள். சரி செய்யும் நாள் வரை குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரு லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் உண்டு. அதற்கு அனுமதி கிடையாது என்பது ஒருபுறம். கசிகிற லைனில் மோட்டார் போட்டால் அந்த ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறோம் என்று அர்த்தம்.

கசிவு எங்கே இருக்கிறது?

மீட்டர் இருந்தால் வேலை சுலபம். தண்ணீர் வரும் நேரத்தில், சம்புக்குள் விழும் முனையில் இருக்கும் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் மீட்டருக்கும் வால்வுக்கும் நடுவே கசிவு இருக்கிறது. மீட்டர் இல்லாத வீடுகளில் காதுதான் கருவி. அதே போல் வால்வை மூடி, தெரு அடங்கிய நேரத்தில், ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பைப் வெளியே தெரியும் இடத்தில் வைத்து மறுமுனையில் காதை வையுங்கள். கசிவு இருந்தால் 'ஸ்ஸ்' என்ற தொடர்ச்சியான சத்தம் கேட்கும். இரும்புப் பைப் சத்தத்தை நன்றாகக் கடத்தும். இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்டிக்கைவிட ஜி.ஐ. நமக்கு உதவியானது. சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் இடம் ஓரளவு பிடிபடும்.

ஈரம் தெரிகிற இடம்தான் ஓட்டை இருக்கிற இடம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் பைப்பின் அடியில் ஓடி, தளர்ந்த மண் கிடைத்த இடத்தில் மேலே வரும். சரிவான வாசலில் மேட்டுப் பக்கம்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது குடிநீர்தானா, கழிவுநீரா என்று தெரியாவிட்டால், குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தைத் தேங்கிய தண்ணீரில் விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வந்தால் அது குழாய்த் தண்ணீர். வராவிட்டால் எதுவும் உறுதியாகாது, ஏனென்றால் குளோரினை மண்ணே தின்றுவிடும்.

கசிவு உங்கள் மதிலுக்கு வெளியே, தெருவில் என்றால் கடப்பாரையை எடுக்காதீர்கள். தெருக் குழாயும், அதிலிருந்து உங்கள் லைன் பிரிகிற ஃபெரூலும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அல்லது குடிநீர் வாரியத்தின் கையில் இருப்பவை. புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் இணைப்புக்காகவே தெருவை வெட்ட வேண்டியிருந்தால் சாலை வெட்ட அனுமதி வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டும். மதிலுக்கு உள்ளே இருப்பது நம் பொறுப்பு. இனி வருவதெல்லாம் அந்தப் பகுதிக்குத்தான்.

தோண்டுவதற்கு முன் கரண்ட்டைப் பாருங்கள்

இதை ஒதுக்கிவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்ப் பைப்பில் கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. வீட்டில் ஏதோ ஒரு மோட்டாரிலோ ஹீட்டரிலோ மின்கசிவு இருந்தால் அந்தப் பைப்பில் கரண்ட் இருக்கும். ஈரக் குழிக்குள் வெறுங்காலோடு நின்று பைப்பை அறுக்கும்போது, அறுபட்ட இரண்டு முனைகளையும் இரண்டு கைகளால் தொட்டால் அந்தக் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். ஆகவே முதலில் ஓர் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, பைப்பில் எர்த் கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் தனியாக எர்த் குழி போட்டு அதற்கு மாற்றிய பிறகே பைப்பில் கை வையுங்கள். வேலை நடக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பைப்பைத் தொடும் முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி மெயினை அணைக்காமல் விடக் கூடாது.

மண்ணுக்குள் வேறு என்னென்ன போகிறது என்பதையும் யோசியுங்கள். ஈ.பி. கேபிள், கழிவு லைன், டெலிபோன் கேபிள், இப்போது சில ஊர்களில் வீட்டுக்கு வரும் எரிவாயுக் குழாய் என்று பலவும் வாசல் வழியாகத்தான் வருகின்றன. ஈ.பி. கேபிள் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாதவரை கடப்பாரையை ஓங்கிப் போட வேண்டாம்.

தோண்டுவது

தண்ணீர் வராத நாளாகப் பார்த்து ஆரம்பியுங்கள். வால்வு இருந்தால் மூடுங்கள். தமிழ்நாட்டு வீடுகளில் இந்த லைன் பெரும்பாலும் ஓர் அடி, இரண்டு அடி ஆழத்திலேயே இருக்கும். முதல் அரை அடிக்குக் கடப்பாரை சரி. அதற்கு மேல் மண்வெட்டியும் கைக்கொத்தும்தான். துருப்பிடித்த பைப்பின் மேல் கடப்பாரை ஒரு முறை பட்டால் போதும், ஓட்டை இரண்டாகிவிடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் குழியைச் சின்னதாகத் தோண்டுகிறார்கள். பைப்புக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை அடி இடம் வேண்டும், ரிஞ்ச் திரும்ப வேண்டும் அல்லவா? பைப்புக்கு அடியிலும் அரை அடி தோண்டுங்கள். ஊறுகிற தண்ணீர் அங்கே போய்த் தேங்கும், வாளியால் இறைத்துவிடலாம். இல்லாவிட்டால் பைப்பை அறுத்ததும் சேற்றுத் தண்ணீர் நேராக உள்ளே போய்விடும்.

ஓட்டையைவிடப் பைப்பை நன்றாகப் பாருங்கள்

மண்ணை விலக்கியதும் கண் ஓட்டைக்குத்தான் போகும். அதைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டடி நீளத்துக்குப் பைப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஜி.ஐ. என்பது இரும்பின் மேல் துத்தநாகம் பூசிய பைப். ஈரத்தில் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்ததும் இரும்பு அரிக்க ஆரம்பிக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடலோரம் போன்ற உப்பு மண்ணில் இது சீக்கிரம் நடக்கும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசலில் வேறு தொல்லை. அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிப்பதால் ஜாயிண்டுகள் அசைந்துகொண்டே இருக்கும்.

பெரும்பாலும் முதலில் ஓட்டை விழுவது மரை (திருகிச் சேர்க்கும் பள்ளம்) போட்ட இடத்தில், அதாவது இரண்டு பைப்பைச் சேர்க்கும் சாக்கெட்டை ஒட்டி. காரணம் எளிது. ஒரு இஞ்ச் மீடியம் பைப்பின் கனம் 3.2 மில்லிமீட்டர். அதில் மரை வெட்டும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடுகிறது. துத்தநாகப் பூச்சும் அங்கே இருக்காது. ஆக பைப்பின் பாதிக் கனத்தில், பூச்சே இல்லாமல், இத்தனை வருடம் அந்த இடம் மண்ணுக்குள் தாங்கியிருக்கிறது.

இப்போது சின்னச் சுத்தியலால் பைப்பை மெதுவாகத் தட்டுங்கள். நல்ல பைப் கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு கட்டியது மந்தமான சத்தம் தரும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், குழி விழுகிறதா? செதில் செதிலாகத் துரு உரிகிறதா?

ஓட்டை ஜாயிண்டில் மட்டும் இருந்து, மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலித்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். இரண்டடிக்குள் இரண்டு இடத்தில் குழி விழுந்தாலோ, போன ஐந்து வருடத்தில் இதே லைனில் ஏற்கனவே ஒரு முறை ஒட்டுப் போட்டிருந்தாலோ, முழு லைனையும் மாற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் டைல்ஸை உடைத்துத் தோண்டும் கூலி பைப் விலையைத் தாண்டிவிடும். அதோடு, வெளியே நன்றாக இருக்கிற பைப் உள்ளே துரு முடிச்சு கட்டி ஒரு பென்சில் போகும் அளவுக்குச் சுருங்கியிருக்கலாம். அறுத்த துண்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நாளைக்கே தண்ணீர் வரும் என்றால்

ஓரிரு வாரம் தாங்குகிற கட்டு ஒன்று உண்டு. பழைய சைக்கிள் டியூபை இரண்டு இஞ்ச் அகலத்தில் நீளமாக வெட்டி, ஓட்டைக்கு மூன்று இஞ்ச் தள்ளி ஆரம்பித்து, நன்றாக இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் பாதி மேல் அடுத்த சுற்று வருமாறு சுற்றுங்கள். ஓட்டையைத் தாண்டி மூன்று இஞ்ச் போய் முடியுங்கள். அதன் மேல் ஹோஸ் கிளாம்ப் இரண்டு போட்டு இறுக்கலாம். ஓட்டை ஜாயிண்டில் இல்லாமல் நேர்ப் பைப்பில் இருந்தால், ரப்பர் ஷீட் வைத்த ரிப்பேர் கிளாம்ப் இதைவிட நல்லது. அதன் நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

ஈரப் பைப்பின் மேல் எபாக்ஸி பசையை மட்டும் அப்பிவிட்டு மூடிவிடாதீர்கள். காய்ந்த, தேய்த்த உலோகத்தில்தான் அது பிடிக்கும். வெல்டிங்கும் வேண்டாம். துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலை வரவழைக்கும், மெலிந்த பைப்பில் பற்றவைப்பு புது ஓட்டையைத்தான் போடும்.

துண்டு மாற்றுவது

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: பழைய ஜி.ஐ. லைனை ஒற்றை ரிஞ்ச்சால் திருகக் கூடாது. நீங்கள் இங்கே கொடுக்கிற முறுக்கு பைப் வழியாகப் போய், இருபது அடி தள்ளி மண்ணுக்குள் இருக்கும் அடுத்த ஜாயிண்டை உடைத்துவிடும். இங்கே சரியாகிவிட்டது என்று மூடிய மறு வாரம் அங்கே கசியும். ஒரு ரிஞ்ச் பைப்பை அசையாமல் பிடிக்க, இன்னொன்று திருக, இரண்டு பேர் வேண்டும். முடிந்தால் திருகவே வேண்டாம், ஆக்சா பிளேடால் அறுத்து எடுப்பது பாதுகாப்பு.

ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நல்ல பைப் கிடைக்கும் வரை தள்ளி, நேராக அறுங்கள். கோணலாக அறுத்தால் ரப்பர் வாஷர் உட்காராது. பிசிறை அரத்தால் தேயுங்கள்.

சேர்ப்பதற்கு இரண்டு வழி. பைப் நல்ல கனத்தோடு இருந்தால், பிளம்பர் டை செட் வைத்துக் குழிக்குள்ளேயே இரண்டு முனைக்கும் மரை போட்டு, நடுவில் புதுத் துண்டும், பைப்பைச் சுழற்றாமலே நட்டை இறுக்கிச் சேர்க்கும் யூனியனும் வைப்பார். யூனியன் இல்லாமல் முடியாது. இரண்டு பக்கமும் மண்ணில் பிடித்திருக்கும் பைப்பைச் சுழற்ற முடியாது அல்லவா? பைப் மெலிந்திருந்தால் மரை போடும்போதே நசுங்கும், பிளக்கும். அப்போது மரையே தேவைப்படாத கம்ப்ரஷன் கப்ளிங் வாங்குங்கள். பைப்பைச் சுற்றி ரப்பர் வளையத்தை நட்டு இறுக்கிப் பிடிக்கும் வகை அது. பெரிய ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். புதுத் துண்டுக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வேண்டும்.

கடைக்குப் போகும் முன் அளவு எடுங்கள். 'ஒரு இஞ்ச் பைப்' என்றால் அதன் வெளி விட்டம் ஒரு இஞ்ச் அல்ல, இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். துருவைத் தேய்த்துவிட்டுப் பைப்பைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். சுற்றளவு 6.7 செ.மீ. என்றால் அரை இஞ்ச் பைப், 8.5 என்றால் முக்கால் இஞ்ச், 10.6 என்றால் ஒரு இஞ்ச். அறுத்த துண்டையே கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது.

மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை போகும் திசையிலேயே சுற்றுங்கள். முன்பு சணலோடு வெள்ளை ஈயம் தடவுவார்கள், குடிநீர் லைனில் ஈயம் இனி வேண்டாம். பித்தளை வால்வை ஜி.ஐ. பைப்போடு சேர்த்து மண்ணுக்குள் புதைக்காதீர்கள். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு வேகமாக அரிக்கும். வால்வுக்குச் செங்கல்லில் ஒரு சின்னச் சேம்பர் கட்டி, காய்ந்த இடத்தில் வையுங்கள்.

முழு லைனையும் மாற்றுவதென்றால்

என் விருப்பம் எச்.டி.பி.இ. என்ற வளையும் பிளாஸ்டிக் பைப். சுருளாக வருவதால் மதிலிலிருந்து சம்ப் வரைக்கும் மண்ணுக்குள் ஒரு ஜாயிண்ட் கூட இல்லாமல் போடலாம். ஜாயிண்டில்தான் கசிவு ஆரம்பிக்கிறது என்று பார்த்த பிறகு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. துருப்பிடிக்காது, கரிசல் அசைந்தால் கூடவே வளைந்துகொடுக்கும். ஐ.எஸ். 4984 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பைப்பின் மேல் அச்சாகியிருக்க வேண்டும். கடையில் '10 கிலோ பிரஷர்' என்று கேளுங்கள். இந்தப் பைப்பில் அளவு வெளி விட்டத்தைக் குறிக்கும்: அரை இஞ்ச் ஜி.ஐ.க்குப் பதில் 20 மி.மீ., முக்காலுக்கு 25, ஒரு இஞ்ச்சுக்கு 32. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த அளவைத் தாண்டிப் பெரிதாகப் போடாதீர்கள்.

இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் எடுங்கள். பழைய பைப்பை எடுக்க முடியாவிட்டால் முனையை அடைத்து அங்கேயே விட்டுவிட்டு, புது லைனைக் கழிவு லைனிலிருந்து முடிந்தவரை தள்ளிக் கொண்டுபோங்கள். கழிவு லைனைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் குடிநீர் மேலே, கழிவு கீழே, நடுவில் அரை மீட்டர் இடைவெளி. அந்த இடத்தில் குடிநீர்ப் பைப்பைப் பெரிய பி.வி.சி. பைப் ஒன்றின் உள்ளே விட்டு எடுத்தால் கூடுதல் பாதுகாப்பு. 32 மி.மீ. பைப்பைத் திருப்பும்போது இரண்டரை அடி ஆரத்துக்குக் குறையாமல் அகலமாக வளையுங்கள், மடித்தால் நெளிந்துவிடும்.

கம்ப்ரஷன் ஃபிட்டிங்கில் பைப்பைச் செருகும் முன் முனையைக் கொஞ்சம் சரிவாகச் சீவி, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று பேனாவால் கோடு போடுங்கள். கோடு மறையும் வரை செருகாவிட்டால் ரப்பர் வளையத்தைத் தாண்டியிருக்காது. தண்ணீர் வந்ததும் கழன்றுவிடும். ஜி.ஐ. முனையோடு சேரும் இடத்தில், பிளாஸ்டிக் பெண் மரையை (உள்பக்க மரை) இரும்பு ஆண் மரையின் (வெளிப்பக்க மரை) மேல் இறுக்கினால் வெடித்துவிடும். இரும்புச் சாக்கெட்டுக்குள் பிளாஸ்டிக் ஆண் மரை போகட்டும். இல்லாவிட்டால் உள்ளே பித்தளை மரை வைத்த அடாப்டர் வாங்குங்கள். பி.வி.சி. சொல்யூஷன் ஜி.ஐ.யிலும் ஒட்டாது, எச்.டி.பி.இ.யிலும் ஒட்டாது.

மூடுவதற்கு முன்

சேர்க்கப்போகிற துண்டுகளின் உள்பக்கத்தைச் சுத்தமான துணியில் பிளீச்சிங் கரைசல் நனைத்துத் துடையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் புதுப் பிளீச்சிங் பவுடர், தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும், கையுறை கட்டாயம். முதல் முறை தண்ணீர் வந்ததும் சம்புக்குள் விடாதீர்கள். பதினைந்து நிமிடமாவது ஹோஸ் வைத்து வெளியே விட்டு, கலங்கலும் வாடையும் போன பிறகு சம்புக்கு மாற்றுங்கள். கசிவு இருந்த நாட்களில் தேங்கிய பழைய தண்ணீரையும் இறைத்துச் சம்பைக் கழுவிவிடுங்கள். இந்திய குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். முன்பு சொன்ன சொட்டு மருந்தாலேயே இதையும் பார்த்துக்கொள்ளலாம்.

குழியை அன்றைக்கே மூடாதீர்கள். ஒரு முறை முழுதாகத் தண்ணீர் வந்து போகட்டும். வரும்போது சம்ப் முனை வால்வை அரை மணி நேரம் மூடி வைத்து, ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் அடியில் காய்ந்த காகிதத்தை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக் கொடுக்கும். இரவில் குழியைப் பலகையால் மூடி, குழந்தைகளும் கன்றுகளும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதம் காய்ந்தே இருந்தால், பைப்புக்கு அடியிலும் மேலேயும் நான்கு இஞ்ச் மணல் போடுங்கள். அப்புறம் கல், செங்கல் துண்டு இல்லாமல் சலித்த மண்ணை அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். நிரப்பும் முன் ஓர் அளவு நாடாவை வாய்க்காலில் வைத்துப் படம் எடுங்கள். மதில் மூலையிலிருந்து எத்தனை அடியில், எவ்வளவு ஆழத்தில் லைன் போகிறது, வால்வு எங்கே என்று ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இல்லாததால், ஆறடி தோண்ட வேண்டிய இடத்தில் பதினெட்டு அடி தோண்டினோம்.